எந்த இல்லம் என்று கேட்காத ஊர்

கண்டியில் ஒரு குடும்பம் தாயையோ தகப்பனையோ முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால், அந்தச் செய்தி ஒரு வாரத்துக்குள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வெளிவீதிக்கும், கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவுக்கும், லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் உறவினரின் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். "அம்மாவைக் கொண்டுபோய் விட்டுட்டாங்களாம்." அது எந்த இல்லம், இரவில் அங்கே தாதி இருக்கிறாரா, அந்த அம்மாவுக்கு என்ன நோய், இதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பவர் அபூர்வம். கேட்பதற்கு முன்னரே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் மனப்பாடம். பெற்றவர்களை இல்லத்தில் சேர்ப்பது பாவம். நல்ல பிள்ளை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பான். நம் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள். இல்லம் என்பது வெள்ளைக்காரனுடைய வழக்கம். எத்தனையோ விடயங்களில் பிரிந்து நிற்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

அந்தக் குரலில் அன்பு இருக்கிறது. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் பிழை. அந்தப் பிழைக்கான விலையைக் கொடுப்பவர்கள், யாருக்காக அந்தக் குரல் உருகுகிறதோ அதே முதியவர்கள்தான்.

முதலில் "இல்லம்" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதை எடுத்துக்கொள்வோம். 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, மலசலகூடம் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்கிக்கொள்வது, தன் கையால் சாப்பிடுவது. ஆறே விடயங்கள். இவற்றில் எத்தனையை ஒருவர் பிறர் துணையின்றிச் செய்கிறார் என்பதுதான் அவருக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்பதன் முதல் கணக்கு. அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் முதியோர் மருத்துவர்கள் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. பெற்றோர் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் கண்டிக் குடும்பங்களில் எத்தனை இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கும்?

ஆறையும் தானே செய்யக்கூடிய, ஆனால் தனியாக இருக்கப் பயப்படும் எழுபது வயதுக்காரருக்கு வேண்டியது ஒரு குடியிருப்பு: சமையலும் துப்புரவும் பார்த்துக்கொள்ள ஆள், பேச்சுத்துணை, அவசரத்துக்கு அழுத்த ஒரு மணி. குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் கை கொடுக்க ஆள் தேவைப்படுபவருக்குப் பகலிலும் இரவிலும் உதவியாளர் உள்ள இடம் வேண்டும். குளிசைகளை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவரும் வேண்டும். பக்கவாதம் வந்து படுத்துவிட்டவருக்கு, மூக்குக் குழாயால் உணவு கொடுக்கப்படுபவருக்கு, கதீட்டர் போட்டவருக்குப் பயிற்சி பெற்ற தாதி இல்லாத எந்த இடமும் ஆபத்தான இடம். மறதிநோய் முற்றியவர் வேறொரு வகை. உடம்பில் பலம் இருக்கும், ஆறில் நான்கைச் செய்துகொள்வார், ஆனால் பின்னேரம் ஆனதும் பதற்றம் கூடி, "வீட்டுக்குப் போகணும்" என்று படலையைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார். அவருக்குத் தாதியைவிட, பூட்டிவைக்காமல் பாதுகாக்கத் தெரிந்த மனிதர்களும், சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பக்கூடிய ஒரு முற்றமும் வேண்டும். புற்றுநோயின் கடைசி மாதங்களில் இருப்பவருக்கோ வலியைத் தணிக்கத் தெரிந்த கை வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் ஒரே பலகையின்கீழ் அனுப்பிவிட்டு, பிறகு "இல்லத்தில் சரியாகப் பார்க்கவில்லை" என்று குறை சொல்வது நடக்கிறது. இலங்கையின் அறப்பணி முதியோர் இல்லங்கள் பலவற்றில் சேரும்போதே வைக்கப்படும் நிபந்தனை, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது. அந்த இல்லங்களை நடத்தும் சபைகளும் கன்னியாஸ்திரிகளும் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் வந்த நிபந்தனை அல்ல அது. ஒரு மேற்பார்வையாளரும் சமையற்காரரும் இரண்டு உதவியாளர்களும் இருக்கும் இடத்தில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க முடியாது என்ற நேர்மை. ஆனால் குடும்பங்கள் கடைசி நிமிடம்வரை வெட்கத்தோடு இழுத்தடித்து, தாய் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தக் கதவைத் தட்டுகின்றன. அங்கே இடமில்லை என்றதும், பதிவும் கேள்வியும் இல்லாத ஏதோ ஒரு வீட்டின் பின்னறைக்கு அவர் போய்ச் சேர்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்து போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கு அங்கே தோழிகள் இருந்திருப்பார்கள்.

முன்னோர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள் என்ற வாதத்துக்குக் கண்டியின் சட்ட வரலாறே பதில் சொல்கிறது. கண்டியச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டத்தில், நிலத்தை நன்கொடையாக எழுதிக்கொடுத்தவர் தன் வாழ்நாளில் அதை மீளப் பெறலாம் என்பது பொதுவான விதி. முதுமையில் தன்னைப் பராமரிப்பதற்காகவே நிலம் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதாவது பிள்ளையோ மருமகனோ பார்க்காவிட்டால் உறுதியை ரத்துச் செய்யும் பிடியைப் பெரியவர் தன் கையிலேயே வைத்திருந்தார். பாசம் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று அந்தச் சமூகம் நம்பியிருந்தால் அந்தப் பிடிக்கு அவசியமே இருந்திராது. பொதுச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட மீளப்பெற முடியாத நன்கொடை உறுதிகளின் கதை இன்னும் கசப்பானது. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களை வெளியே தள்ளியவர்களின் வழக்குகள் நீதிமன்றங்களில் நிறைந்தன. கடைசியில் 2017இல், மிகுந்த நன்றிகேட்டைக் காரணம் காட்டி அத்தகைய உறுதிகளை ரத்துச் செய்வதற்கென்றே 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கும் முன்னரே, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. பராமரிப்புச் செலவு கோரி முதியவர்கள் முறையிட ஒரு சபையையும் உருவாக்கியது. எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு எந்த நாடும் சட்டம் போடுவதில்லை.

வீட்டில் பார்த்தவர்களும் இருந்தார்கள், ஏராளமாக. அவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கைப் பெண் ஒருவர் 1950களில் சராசரியாக ஐந்து பிள்ளைகள் பெற்றார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இரண்டளவுக்கு வந்துவிட்டது. ஐந்து பேரில் ஒருத்தி கல்யாணம் செய்யாமல் தாயோடு தங்குவாள், அல்லது கடைசி மருமகள் பொறுப்பேற்பாள். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மெல்பேர்னிலும் மற்றவர் கொழும்பிலும் இருக்கும்போது அந்த ஏற்பாடு எங்கிருந்து வரும்? பொருளாதாரம் சரிந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். மறுபக்கத்தில், 65 வயதைக் கடந்தோர் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களைவிட ஆறு வருடங்களுக்கு மேல் நீளம் என்பதால், கடைசிக் காலத்தில் தனித்திருப்பவர்களில் பெரும்பாலானோர் கைம்பெண்கள்.

இந்த நாடு பராமரிக்கத் தெரியாத நாடும் அல்ல. இஸ்ரேலிலும் ஜப்பானிலும் இத்தாலியிலும் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைக்கும் இலங்கையர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதற்கென்று பயிற்சி எடுத்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் மொழித் தேர்ச்சியும் பெற்று விமானம் ஏறுகிறார்கள். வெளிநாட்டில் அது மதிப்பான தொழில், மாதம் பிறந்தால் பணம் வரும். இங்கே அதே வேலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் இல்லத்தை "தாய் தகப்பனை வைத்து வியாபாரம்" என்கிறோம். பிறகு நல்ல உதவியாளர் கிடைப்பதில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

அடுத்து, வீடுதான் எப்போதும் சிறந்த இடம் என்ற நம்பிக்கை. கண்டியின் வீடுகளை ஒருமுறை கண்ணால் பார்த்தாலே அது ஆட்டம் காணும். ஹந்தானைச் சரிவிலும் அம்பிட்டியப் பாதையிலும் அஸ்கிரியவின் பின்பக்கத்திலும் வீடு என்பது படிக்கட்டு. வீதியிலிருந்து முப்பது நாற்பது படி ஏறினால் வாசல். வாசலிலிருந்து நாலு படி இறங்கினால் குளியலறை. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு அந்த வீடு, மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளைத் தவிர வேறெந்த நாளும் வெளியுலகம் தெரியாத இடம். ஓட்டோ வாசலுக்கு வராது. இடுப்பெலும்பு முறிந்தால் நான்கு பேர் நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார் என்று வையுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க, தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம்; முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கடியில் இன்னொன்று. நாளொன்றுக்குப் பன்னிரண்டு தடவை. அதில் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் நடுவே நான்கு தடவை. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள மாமியாரை, நாற்பத்தெட்டு வயதில் நாரிவலியோடு இருக்கும் மருமகள் தனியாக. மறுநாள் அவர் பாடசாலைக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலை செய்யும் வயதிலுள்ள இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள் என்ற புள்ளிவிபரத்தின் பின்னால் இப்படிப்பட்ட படுக்கையறைகளும் இருக்கின்றன. இரண்டு இரவுகள் தவறினால் வாலெலும்பின் மேல் தோல் சிவக்கும். அமுக்கினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அதன்பின் தோல் உரியும், குழி விழும். அந்தக் குழி வழியாக இரத்தத்தில் கிருமி ஏறி இறந்துபோன முதியவர்களின் மரணவீடுகளில், "கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள்" என்றுதான் ஊர் பாராட்டும்.

யாரையும் குற்றம்சாட்ட இது எழுதப்படவில்லை. அந்த மருமகள் தன்னால் முடிந்ததற்கு மேல் செய்தார். ஒரு மனித உடம்பால் தனியாகச் செய்ய முடியாததை அவரிடம் கேட்டது ஊர். அவருடைய கணவன் அந்தப் பன்னிரண்டில் எத்தனை தடவை எழுந்தார் என்றும் ஊர் கேட்டிருக்கலாம்.

இல்லத்தை எதிர்ப்பவர்கள் கையில் ஒரு பலமான வாதம் உண்டு: இல்லங்கள் மோசமாக இருக்கின்றன. உண்மை. பல இல்லங்களில் கட்டில்கள் நெருக்கம், இரவில் ஆள் இல்லை, குளிசைப் பதிவேடு கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது குருநாகல் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்று வெள்ளத்தில் அகப்பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். மண்சரிவுகளில் அதிகம் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்றான கண்டியில், எந்தச் சரிவின்கீழ் எந்த இல்லம் நிற்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து உயிர்ப் பிரச்சினை.

ஆனால் இந்த மோசத்துக்குக் காரணம் எது? பாடசாலை மோசமாக இருந்தால் பெற்றோர் கூடிக் கேட்பார்கள். வைத்தியசாலையில் மருந்து இல்லையென்றால் பத்திரிகை எழுதும், எம்.பி. வாய்திறப்பார். முதியோர் இல்லத்தைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. ஏனென்றால் உள்ளே தாயை வைத்திருக்கும் மகன் அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். சொல்ல வெட்கப்படுபவன் அடிக்கடி போகவும் மாட்டான். போனாலும் மேற்பார்வையாளரிடம் குரலை உயர்த்த மாட்டான், "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எந்த வெட்கம் இல்லத்தை வெறுக்கச் சொல்கிறதோ அதே வெட்கந்தான் இல்லத்தைக் கேள்வியில்லாத இடமாக வைத்திருக்கிறது.

சட்டமும் அதே மனநிலையில் எழுதப்பட்டதுதான். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வதிவிட வசதி செய்துகொடுக்க வேண்டியவர்கள் என்று சொல்வது, பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோரை. பிள்ளைகள் இருந்தும், பாசம் இருந்தும், தாதிப் பராமரிப்புத் தேவைப்படும் முதியவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். இல்லங்கள் அந்தச் சட்டத்தின்கீழ் பதியப்பட வேண்டும். சமூக சேவை மாகாண சபையின் கையிலும் இருக்கிறது. தனியார் வைத்தியசாலைகளும் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வேறோர் இடத்தில் பதியப்படுகின்றன. மூக்குக் குழாயும் கதீட்டருமாக ஓர் இல்லத்தின் கட்டிலில் கிடப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். அவர் நோயாளியா, குடியிருப்பாளரா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லங்களுக்கு ஊர் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பிறந்தநாள், திவசம், கல்யாண நாள் என்று பகலுணவு கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். சில இல்லங்களில் மாதக்கணக்கில் முன்பதிவு. நல்ல மனதோடு கொண்டுவரும் பாற்சோறும் கேக்கும் வட்டிலப்பமும் நீரிழிவுக்காரர்கள் பாதிப்பேர் இருக்கும் மேசையில் பரிமாறப்படுகின்றன. படம் எடுத்துக்கொண்டு குடும்பம் இரண்டு மணிக்குப் புறப்பட்டுவிடும். அந்த இல்லத்துக்கு உண்மையில் தட்டுப்பாடானவை இரவு வேலைக்கு இன்னும் ஓர் உதவியாளரின் சம்பளம், பெரியவர்களுக்கான பம்பஸ், காற்று மெத்தை, குளியலறைச் சுவரில் பிடிகம்பி. சோறு கொடுப்பது புண்ணியம் என்று தெரிந்த கைகளுக்கு, பிடிகம்பி பொருத்துவதும் புண்ணியம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

கண்டியில் இன்னொரு விடயம் அதிகம் பேசப்படுவதில்லை. தமிழ் வாசகர்கள்தான் அதைப் பேசியாக வேண்டும். மறதிநோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும் என்பது இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி காண்பது. நாற்பது வருடம் அரச அலுவலகத்தில் சிங்களத்தில் வேலைசெய்த தமிழ்ப் பெண்மணி, எண்பது வயதில் சிங்களத்தைத் தொலைத்துவிட்டுச் சிறுவயதுத் தமிழில் மட்டும் பேசக்கூடும். இரவு இரண்டு மணிக்கு அவர் "ஒண்ணுக்குப் போகணும்" என்கிறார். இரவு உதவியாளருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். அவர் போர்வையை இழுத்துவிட்டுப் போகிறார். காலையில் நனைந்த படுக்கைக்காக அந்த அம்மாவுக்கு ஏச்சு. இங்கே கொடுமைக்காரர் என்று எவரும் இல்லை. ஒரு சொல் புரியாமல் போனது, அவ்வளவுதான். ஆனால் அது ஒவ்வொரு இரவும் நடந்தால் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார், சிறுநீரில் கிருமித்தொற்று வரும், குழப்பம் கூடும், "ரொம்ப முத்திவிட்டது" என்பார்கள். மரக்கறி மட்டுமே சாப்பிடும் சைவப் பெரியவருக்கும், ஹலால் உணவும் தொழுகைக்கு ஒரு மூலையும் வேண்டிய அக்குறணை முஸ்லிம் பெரியவருக்கும் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கும். மலிவான இல்லமா, அழகான இல்லமா என்று ஒப்பிடும் குடும்பங்கள், இரவு உதவியாளர் எந்த மொழி பேசுவார் என்று கேட்பதை வழக்கமாக்க வேண்டும்.

வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்ற உபதேசம் தோட்டங்களுக்குப் போகும்போது வெறும் கேலியாக மாறிவிடுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது முதல், தெல்தோட்டை, கலஹா, புசல்லாவ, ரங்கல என்று கண்டி மாவட்டத்தின் மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது முதியவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது. கொழுந்து பறித்துக் கைகள் மரத்துப்போன பாட்டிக்கு அரச ஊழியருக்குப் போல ஓய்வூதியம் கிடையாது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒருமுறை கிடைத்த தொகை கடனுக்கோ மகளின் கல்யாணத்துக்கோ போயிருக்கும். மகள் வளைகுடாவில் வேறொரு வீட்டில் வேலை, மகன் கொழும்பில் கடையில். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கூடப்பிறந்தவர்களைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்ற குடும்பங்களில், உறவு என்று சொல்லவும் ஆள் குறைவு. 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 5000 ரூபாய் ஆக்கப்பட்டது. படுக்கையில் கிடப்பவருக்கு அது பம்பஸ் வாங்கவே காணாது. இந்தப் பாட்டியின் மகளைப் பார்த்து, "நல்ல பிள்ளை வீட்டில் வைத்துப் பார்ப்பாள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மறுகோடியில், பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக்காட்சி, புல்வெளி, மூன்று வேளை பரிமாறல் எல்லாம் ஆறையும் தானே செய்பவருக்கான வசதிகள். ஐந்து வருடம் கழித்து அப்பா விழுந்து எழும்ப முடியாமல் போனால் அதே இடம் அவரை வைத்திருக்குமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முற்பணத்தில் எவ்வளவு திரும்பும், கட்டணம் எப்போது, யாருடைய சம்மதத்தோடு உயரும் என்பதும் எழுத்தில் வேண்டும். பல ஓய்வூதியர் மாதக் கட்டணத்துக்கு நம்பியிருப்பது நிலையான வைப்பின் வட்டியை. மூத்த பிரஜைகளின் பத்து இலட்சம் ரூபாய் வரையான வைப்புக்கு 15 வீத வட்டி என்று 2015இல் வந்த திட்டம் 2022 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டபோது, விலைவாசி வானத்தில் நின்றது. அந்த வட்டியை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

வெள்ளைக்காரனுடைய வழக்கம் என்ற வாதம் ஒன்று பாக்கி. தாய் தகப்பனை மதிப்பதில் எவருக்கும் குறையாத ஜப்பான், 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். முதியவருக்குத் தேவை வரும்போது ஏழு படிநிலைகளில் ஒன்றாக மதிப்பிட்டு, அதற்கேற்ப வீட்டுக்கு ஆள், பகல் நிலையம், இல்லம் என்று ஒதுக்குகிறார்கள். தமிழரைக் கேட்டால், சென்னையில் ஆதரவற்ற மூதாட்டிகளுக்கென்று சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விஸ்ராந்தி இருக்கிறது. கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ஓய்வுகாலக் குடியிருப்புகளில், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள பெற்றோர் தாங்களே வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். அங்கே "யார் கொண்டுவந்து விட்டது" என்ற கேள்விக்கே இடமில்லை. கேரளத்தில் 1990களில் கோழிக்கோட்டிலிருந்து வளர்ந்த நோவுத்தணிப்பு இயக்கம், அயலவர்களையே தொண்டர்களாகப் பழக்கி, தாதியோடு படுக்கை நோயாளிகளின் வீடுதேடிப் போகச் செய்தது. பின்னர் உள்ளூராட்சி மன்றங்களே அதைத் தூக்கிப் பிடித்தன.

கேரளத்தின் அந்த வழி கண்டிக்கு மிகவும் பொருந்தும். ஏனென்றால் வீடு, இல்லம் என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படிகள்தான் இங்கே காணவில்லை. காலை எட்டுக்கு விட்டுப் பின்னேரம் ஐந்துக்கு அழைத்துப்போகும் பகல் நிலையம் இருந்தால் எத்தனையோ பேர் இல்லத்துக்கே போகத் தேவையில்லை. மருமகளுக்கு அறுவைச் சிகிச்சை என்றால் இரண்டு வாரம் மாமியாரை ஏற்றுக்கொள்ளும் தற்காலிகக் கட்டில்கள் இருந்தால் குடும்பங்கள் உடைந்துபோகாது. தேசிய முதியோர் செயலகம் கிராம மட்ட முதியோர் சங்கங்களையும் வீட்டுப் பராமரிப்பாளர் பயிற்சியையும் நடத்தி வந்திருக்கிறது. 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஶ்ரீ லங்காவும் இந்தத் துறையில் உழைக்கிறது. மறதிநோயாளிகளுக்கு லங்கா அல்சைமர் மன்றம் நிலையம் வைத்திருப்பது கொழும்பில். கண்டியிலிருந்து அங்கே 115 கிலோமீற்றர். கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தி எடுக்கும் மறதிநோயாளி எவரையும் வாராவாரம் அங்கே அழைத்துப் போக முடியாது.

செய்ய வேண்டியதைப் பெரிய கொள்கைப் பிரகடனமாக எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. மத்திய மாகாண சமூக சேவைகள் திணைக்களம் மாகாணத்தில் பதியப்பட்ட ஒவ்வொரு இல்லத்தின் பெயரையும் மூன்று மொழியிலும் வெளியிடட்டும். பெயருக்கு நேரே, அந்த ஆறு காரியங்களில் எத்தனைக்கு உதவி தேவைப்படுபவரை அது ஏற்கும், இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களில் தமிழ் தெரிந்தவர் உண்டா, தாதி எத்தனை மணி நேரம் இருக்கிறார், படுத்துவிட்டவரை வைத்திருக்குமா, மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறதா என்று எழுதட்டும். அந்தத் தாள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மேசைக்கு மேலேயும் ஒட்டப்படட்டும். இல்லம் ஒன்று ஒரு முதியவரை வெளியேற்றினால், எங்கே அனுப்பினார்கள், யார் கையேற்றார்கள் என்பது எழுத்தில் திணைக்களத்துக்கு வர வேண்டும். குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு: பார்க்கப் போகும்போது ஞாயிறு பகலில் கேக்கோடு போகாமல், வேலைநாளில் இரவு ஏழு மணிக்குச் சொல்லாமல் போகட்டும், போய், தாயின் போர்வையை விலக்கி, குதிக்காலையும் வாலெலும்பையும் தொட்டுப் பார்க்கட்டும்.